வரிசை தப்பிய சுயசரிதைகள்

பேபி ஹல்தாரின் சுயசரிதையான ‘ஆலோ ஆந்தாரி’யைப் படிக்கத் தொடங்குபவர்கள் கொஞ்ச தூரம் போனதும் ஓரிடத்தில் தடுக்கி நிற்பார்கள். யாரைப் பற்றிய பேச்சு இது என்று முந்தைய பத்தியை ஒருமுறை திரும்பப் பார்ப்பார்கள். ‘நான்’ என்று சொல்லிக்கொண்டு வந்தவர் சொல்லாமல் கொள்ளாமல் ‘பேபி’ என்றும் ‘அவள்’ என்றும் தன்னையே வெளியே நிறுத்திப் பேச ஆரம்பித்துவிடுகிறார். சில வரிகள் கழித்து மறுபடியும் ‘நான்’ வந்துவிடும். இதற்கு விளக்கமும் கிடையாது, எச்சரிக்கையும் கிடையாது. ஆண்டுக் கணக்கைத் தேடினால் அபூர்வமாகவே கிடைக்கும். உறவினர்கள் வருவார்கள், போவார்கள். யார் யாருக்கு என்ன முறை என்பதை நாம்தான் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். ஆனாலும் புத்தகத்தைக் கீழே வைக்க முடியாது. கதை அப்படிப்பட்டது.

பேபிக்கு நான்கு வயதாக இருக்கும்போது அம்மா அவர் கையில் ஒரு பத்துப் பைசாவைத் திணித்துவிட்டு, கைக்குழந்தையான தம்பியைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டுப் போனார். திரும்பி வரவில்லை. பள்ளிப் படிப்பு விட்டுவிட்டு நடந்து, பாதியில் நின்றது. 13 வயது நிறைவதற்குள் தன்னைவிட 14 வயது மூத்தவருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். விளையாடும் வயதிலேயே கையில் பிள்ளை வந்துவிட்டது. பல ஆண்டுகள் அடியும் உதையும் பட்டபின், 1999இல் மூன்று பிள்ளைகளோடு வங்காளத்திலிருந்து டெல்லிக்கு ரயிலேறினார். வீட்டு வேலை செய்து பிழைத்தவர், ஒருவழியாகக் குர்காவ்னில் ஓய்வுபெற்ற மானிடவியல் பேராசிரியர் பிரபோத் குமார் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தார். இந்தப் பேராசிரியர் எழுத்தாளர் பிரேம்சந்தின் பேரன். அலமாரியைத் துடைக்கும்போது வங்காளப் புத்தகங்கள் இருக்கும் இடத்தில் மட்டும் பேபியின் கை தயங்குவதை அவர் கவனித்தார். முதலில் தஸ்லிமா நஸ்ரினின் இளமைக்கால நினைவுகளைப் படிக்கக் கொடுத்தார். பிறகு ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் வாங்கிக் கொடுத்து, உன் கதையை எழுது என்றார். வீட்டு வேலைக்கு நடுவிலும், பிள்ளைகள் தூங்கியபின் இரவிலும் எழுதியது அந்தப் புத்தகம். 2002இல் பிரபோத் குமாரின் மொழிபெயர்ப்பில் இந்தியில்தான் முதலில் வெளிவந்தது. வங்க மூலம் பின்னால் வந்தது. இந்தியிலிருந்து பதிப்பாளர் ஊர்வசி புட்டாலியா செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2006இல் வெளியாயிற்று. இன்று அதிலிருந்து ஒரு பகுதி வட இந்தியப் பள்ளிகளில் பதினோராம் வகுப்பு இந்திப் பாடமாக இருக்கிறது.

இப்படிப்பட்ட புத்தகங்களை நாம் வழக்கமாக இரண்டில் ஒரு விதமாக எதிர்கொள்கிறோம். ஒன்று, பாவம், எழுதத் தெரியாதவர், இவ்வளவாவது எழுதினாரே என்று தட்டிக்கொடுத்துவிடுகிறோம். இல்லாவிட்டால், நல்ல கதையை வீணடித்துவிட்டார்கள், உருப்படியான எடிட்டர் கையில் கிடைத்திருந்தால் எங்கேயோ போயிருக்கும் என்று உச்சுக்கொட்டுகிறோம். முதலாவது கருணை மாதிரியும் இரண்டாவது ரசனை மாதிரியும் தோன்றும். என் பார்வையில் இரண்டும் ஒரே தவறைத்தான் செய்கின்றன. எழுத்தின் கலைவைக் கதைக்குச் சம்பந்தமில்லாத வெறும் குறை என்று முன்கூட்டியே முடிவு கட்டிவிடுகின்றன. கலைவு எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதை விட்டுவிட்டு, அது எங்கெங்கே விழுகிறது என்று பார்த்தால் வேறு விஷயங்கள் தெரியவரும். புத்தகம் முழுக்கச் சமமாக இறைந்து கிடக்கும் குழப்பம் பெரும்பாலும் கவனக்குறைவு. சில இடங்களில் மட்டும் கூடிக்கூடி வரும் குழப்பம், அந்த இடங்களைப் பற்றி ஏதோ சொல்கிறது.

இதற்கு முன் ஒரு கேள்வி இருக்கிறது. சுயசரிதை வரிசையாக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு நமக்கு எங்கிருந்து வந்தது? தமிழில் அந்த எதிர்பார்ப்பை உண்டாக்கியதில் உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திர’த்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1940 தொடங்கி ஆனந்த விகடனில் வாரந்தோறும் வந்தது. 1942 ஏப்ரலில் அவர் காலமானதால் கதை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியோடு நின்றுபோனது. பிறந்தது, படித்தது, ஆசிரியரைத் தேடி அலைந்தது, ஏடு தேடியது என்று படிப்படியாக ஏறும் நடை. அந்த ஒழுங்கு அவருடைய மேதைமைக்கு உரியதுதான். அதே சமயம் அவரிடம் இருந்த காகிதத்துக்கும் உரியது. வந்த கடிதங்களைப் பாதுகாத்து வைத்தவர் அவர். பதிப்பித்த நூல்களின் முகவுரையில் ஆண்டும் மாதமும் அச்சாகி இருக்கின்றன. கல்லூரி வேலையில் சேர்ந்த தேதி ஆவணத்தில் இருக்கிறது. போதாததற்கு, வாரம் ஒரு அத்தியாயம் என்ற பத்திரிகைக் கெடு ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தொடக்கத்தையும் முடிவையும் தந்துவிடுகிறது. பிறந்த தேதிக்கே சான்று இல்லாதவர், கடிதம் எழுதவோ பெறவோ வழியில்லாதவர், வாடகைக் குடிசையிலிருந்து வாடகைக் குடிசைக்கு மூட்டையோடு மாறிக்கொண்டே இருந்தவர், எதை வைத்து ஆண்டு சொல்வார்? எந்த வீட்டில் இருந்தோம், அப்போது எந்தப் பிள்ளை வயிற்றில் இருந்தது என்பதுதான் அவருடைய காலண்டர். ஆண்டு வரிசை என்பது பெருமளவுக்குக் காகிதம் வைத்திருந்தவர்களின் வசதி. அது இல்லாத சுயசரிதையை ஒழுங்கற்றது என்று ஒதுக்கும்போது, வசதி இல்லாததைத் திறமை இல்லாததாக எடுத்துக்கொள்கிறோம்.

பேபியின் நூலுக்கே திரும்புவோம். கைப்பிரதியில் எழுத்துப்பிழைகள் ஏராளம் இருந்தன. பள்ளியை விட்டுப் பல ஆண்டுகள் ஆனபின் பேனா பிடித்தவர் அவர். இந்திக்குப் போனபோது அந்தப் பிழைகள் இயல்பாகவே மறைந்துவிட்டன. அவை மறைந்ததால் வாசகருக்கு எந்த நஷ்டமும் இல்லை. ஆனால் ‘நான்’ ‘அவள்’ ஆகும் அந்த மாற்றம் இந்தியைத் தாண்டி, ஆங்கிலத்தையும் தாண்டி நின்றுவிட்டது. ஒரு பேராசிரியரும் ஒரு தேர்ந்த பதிப்பாளரும் வரிவரியாகப் படித்து மொழிபெயர்த்திருக்கிறார்கள். பேனாவை ஒரு இழுப்பு இழுத்தால் சரிசெய்துவிடக்கூடிய விஷயம் அவர்கள் கண்ணில் படாமல் போயிருக்க வழியே இல்லை. வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறார்கள். அந்த மாற்றம் பெரும்பாலும் எங்கே நடக்கிறது என்று பார்த்தால் காரணம் விளங்கும். தான் சிறுமியாக இருந்ததை, தனக்கு என்ன நடக்கிறது என்றே தெரியாமல் மணப்பெண்ணாக உட்கார்ந்திருந்ததைத் திரும்பிப் பார்க்கும் இடங்களில் அந்தப் பெண் ‘அவள்’ ஆகிவிடுகிறாள். முப்பதை நெருங்கும் வயதில் எழுதுபவருக்கு அந்தச் சிறுமி வேறொரு ஆள். இரக்கப்பட வேண்டிய, எட்டி நின்று பார்த்தால்தான் முகம் தெரியக்கூடிய ஒரு ஆள். எழுத்துப்பயிற்சி பெற்றவர் இதே உணர்ச்சியைச் சொல்ல ஒரு பத்தி செலவழித்திருப்பார். பேபி அதை வினைமுற்றை மாற்றியே செய்துவிடுகிறார். அவர் அறிந்து செய்தாரா, அறியாமல் செய்தாரா என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை.

‘ஏழை வேலைக்காரப் பெண் என்பதால் சலுகை தருகிறீர்கள்’ என்று யாராவது சொல்லலாம். சரி, சலுகையே தேவைப்படாத ஒருவரை எடுத்துக்கொள்வோம். மார்க் ட்வைன் தன் சுயசரிதையை எழுத 1870களிலிருந்தே முயன்று முயன்று பாதியில் விட்டவர். பிறப்பிலிருந்து தொடங்கி வரிசையாகச் சொல்லப் போனால் கதை கைக்குள் நிற்கவில்லை. 1904இல் இத்தாலியின் ஃபிளாரன்ஸில் இருந்தபோது அவருக்கு ஒரு வழி புலப்பட்டது: எழுத வேண்டாம், வாயால் சொல்லுவோம். எங்கே தொடங்கினாலும் சரி. இந்த நிமிடம் எது மனசைப் பிடிக்கிறதோ அதைச் சொல்லுவோம், சுவை குறைந்ததும் அப்படியே விட்டுவிட்டு அடுத்ததுக்குத் தாவுவோம். 1906 ஜனவரியில் நியூயார்க் வீட்டில், பெரும்பாலும் கட்டிலில் சாய்ந்தபடி, ஒரு சுருக்கெழுத்தாளரை எதிரில் உட்காரவைத்துச் சொல்லத் தொடங்கினார். தான் இறந்து நூறு ஆண்டு கழித்துத்தான் முழுதாக வெளிவர வேண்டும் என்றும் சொல்லிவைத்தார். அவரிடம் காகிதத்துக்குப் பஞ்சமில்லை. கடிதங்கள், குறிப்பேடுகள், பத்திரிகை நறுக்குகள் எல்லாம் குவிந்து கிடந்தன. அத்தனையும் இருந்தும் வரிசை வேண்டாம் என்று முடிவெடுத்தவர் அவர்.

அந்த முடிவு பக்கத்தில் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு 1906 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் சொன்ன பகுதிகளைப் பார்க்கலாம். அவருடைய மூத்த மகள் சூசி, 13 வயதில், அப்பாவுக்குத் தெரியாமல் அவரைப் பற்றி ஒரு வாழ்க்கை வரலாறு எழுதத் தொடங்கியிருந்தாள். 1896இல், 24 வயதில், மூளைக்காய்ச்சலில் இறந்துபோனாள். அவள் இறந்தபோது அப்பா இங்கிலாந்தில் இருந்தார். பத்து ஆண்டு கழித்து அந்த நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, அவள் எழுதியதில் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் சுயசரிதைக்குள் சேர்த்து, ஒவ்வொரு துண்டுக்கும் பதில் சொல்வதுபோலப் பேசிக்கொண்டே போகிறார். அவளுடைய எழுத்துப்பிழைகளைத் திருத்த மாட்டேன் என்று பிடிவாதமாக மறுத்துவிடுகிறார். இப்படி மகளோடு பேசிக்கொண்டிருக்கும் அதே வாரங்களில், பிலிப்பைன்ஸில் ஓர் அணைந்த எரிமலைக் குழிக்குள் ஒதுங்கியிருந்த மோரோ இன மக்களை, பெண்கள் குழந்தைகள் உட்பட, அமெரிக்கப் படை சுட்டுக் கொன்ற செய்தி வருகிறது. கொல்லப்பட்டவர்கள் ஏறக்குறைய 600 பேர் என்றன அன்றைய பத்திரிகைகள். மறைந்த மகளின் கையெழுத்தையும் அன்றைய காலைப் பத்திரிகையின் படுகொலையையும் அடுத்தடுத்து வைத்துக்கொண்டு, எழுபது வயது மனிதர் கட்டிலில் கிடந்து பேசுகிறார். சூசி பகுதிக்கு உரிய இடம் 1885, படுகொலைக்கு உரிய இடம் 1906 என்று ஆண்டு பார்த்துப் பிரித்து அடுக்கினால் இரண்டும் பத்திரமாகவே இருக்கும். ஆனால் அவை ஒரே தலைக்குள் ஒரே சமயத்தில் இருந்தன என்ற உண்மை போய்விடும். நினைவு நிகழ்வது நினைக்கும் அன்றைக்குத்தான், சம்பவம் நடந்த ஆண்டில் அல்ல.

அப்படிப் பிரித்து அடுக்கவும் செய்தார்கள். சார்லஸ் நைடர் 1959இல் ட்வைனின் பகுதிகளைத் தேர்ந்து, வாழ்க்கை நடந்த வரிசைக்கு மாற்றி, ஒரே புத்தகமாக வெளியிட்டார். அந்தப் பதிப்பைக் குறை சொல்வது சுலபம். ஆனால் நேர்மையாகப் பேசினால், அரை நூற்றாண்டு காலம் மக்கள் சுகமாகப் படித்த ட்வைன் சுயசரிதை அதுதான். மறுபக்கம், 2010இல் கலிபோர்னியா பல்கலைக்கழகப் பதிப்பகம் ட்வைன் சொன்ன வரிசையிலேயே முதல் தொகுதியைக் கொண்டுவந்தபோது, எழுநூறு பக்கங்களைத் தாண்டிய அந்தக் கனத்தைப் பார்த்துச் சலித்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். எழுத்தாளர் கேரிசன் கெய்லர் நியூயார்க் டைம்ஸில் அதைக் கேலியாகவே விமர்சித்தார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. கைவிட்ட பழைய முயற்சிகளை எல்லாம் முன்பகுதியில் அடுக்கிவிட்டு, அதற்குப் பிறகுதான் அசல் நூல் தொடங்குகிறது. ஆராய்ச்சியாளருக்கு அது விருந்து. சாதாரண வாசகர் அந்த முன்பகுதியைத் தாண்டிப் போகலாம், ட்வைன் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆனால் அதே பதிப்பில் பலரும் கவனிக்காத ஒரு வசதி இருக்கிறது. பின்னிணைப்பாக ட்வைனின் வாழ்க்கையை ஆண்டுவாரியாகச் சுருக்கிச் சொல்லும் அட்டவணையும், குடும்பத்தினரைப் பற்றிய குறிப்புகளும் கொடுத்திருக்கிறார்கள். நைடர் நூலைக் கலைத்துப்போட்டு வாசகருக்குத் தந்த உதவியை, இவர்கள் நூலைத் தொடாமலே வெளியிலிருந்து தந்துவிட்டார்கள். வாசகர் திணறக் கூடாது என்பதும், எழுதியவரின் வரிசை குலையக் கூடாது என்பதும் ஒன்றுக்கொன்று பகை இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

திரும்பத் திரும்பச் சொல்வது, கலைந்த எழுத்தின் மேல் வைக்கப்படும் இன்னொரு குற்றச்சாட்டு. பிரேசிலின் சாவோ பாலோ நகரத்துக் குடிசைப்பகுதியில் பழைய காகிதம் பொறுக்கி விற்று மூன்று பிள்ளைகளை வளர்த்த கரோலினா மரியா டி ஜெசுஸ், குப்பையில் கிடைத்த நோட்டுகளில் நாட்குறிப்பு எழுதிவந்தார். பள்ளிக்கூடம் பார்த்தது இரண்டே ஆண்டு. 1958இல் ஆடாலியோ டான்டாஸ் என்ற நிருபர் கண்ணில் அது பட்டு, 1960இல் புத்தகமாக வந்து பரபரப்பாக விற்றது. டான்டாஸ் எழுத்துப்பிழைகளை அப்படியே விட்டார். திரும்ப வருபவற்றை வெட்டினார். பசி எரிச்சலூட்டும் அளவுக்கு அடிக்கடி வருகிறது என்று அவரே முன்னுரையில் குறிப்பிட்டார். யோசித்துப் பார்த்தால் அது தலைகீழான வேலை. பிழையான எழுத்து அவருடைய வாழ்க்கையைப் பற்றிப் புதிதாக எதையும் சொல்லிவிடுவதில்லை. காகிதம் பொறுக்குகிற பெண்ணின் அரைகுறைப் படிப்பை வேடிக்கை காட்டத்தான் பயன்படுகிறது. பசி அடிக்கடி வருவதோ, அன்றாடம் பசித்தவரின் உண்மை. வெட்டப்படாத குறிப்புகளை ஆய்வாளர்கள் 1990களில் வெளியிட்ட பிறகுதான், அந்தப் புகழ்பெற்ற புத்தகத்தில் தெரிந்ததைவிட அகலமான மனுஷி ஒருத்தி அந்தக் குறிப்புகளுக்குள் இருந்தது தெரிந்தது. தமிழில் பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தபோது அத்தகைய வெட்டு நேரவில்லை என்பது நம் அதிர்ஷ்டம். அதில் ஊர், சாதி, பள்ளிக்கூடம், கன்னியர் மடம் எல்லாம் ஒரு முறை சொல்லி முடிக்கப்படுவதில்லை. மடத்துக்குள் போனதும் வெளியே வந்ததும் மறுபடி மறுபடி வேறு வேறு கோணத்தில் வருகின்றன. வரிசை விரும்பும் வாசகருக்கு இது சொன்னதையே சொல்வதாகப் படும். ஒரு முடிவை எடுத்துவிட்டு, அது சரிதானா என்று தன்னைத்தானே விடாமல் கேட்டுக்கொண்டிருக்கும் மனதின் நடை அது.

ஆக, பிழையைத் திருத்தலாம், கூறியது கூறலை வெட்டக் கூடாது என்று ஒரு சூத்திரம் போட்டுவிடலாமா? அதுவும் செல்லாது. சூசியின் பிழைகளைத் திருத்தாதது அன்பு. கரோலினாவின் பிழைகளைத் திருத்தாதது காட்சிப்பொருளாக்கல். செயல் ஒன்றுதான். அதை யார், யாருக்காகத் தீர்மானித்தார்கள் என்பதில்தான் வித்தியாசம். கேரளத்தின் நளினி ஜமீலா விஷயத்தில் இது வெளிப்படையாகவே நடந்தது. பாலியல் தொழிலாளியான அவர் சொல்லக் கேட்டு, ஐ.கோபிநாத் உதவியோடு உருவான தன்வரலாறு 2005இல் மலையாளத்தில் வந்து கேரளத்தையே வாக்குவாதத்தில் தள்ளியது. புத்தகம் நன்றாக விற்றது. ஆனால் நளினிக்குத் திருப்தி இல்லை; அதில் இருப்பது தன் குரல் இல்லை என்று பட்டது. அதே ஆண்டிலேயே நண்பர்கள் உதவியோடு திரும்பவும் சொல்லி, இன்னொரு வடிவத்தை வெளியிட்டார். விற்றுக்கொண்டிருக்கும் புத்தகத்தை ஒருவர் தானே முன்வந்து மாற்றுவது பதிப்புலகில் அடிக்கடி நடக்கிற காரியம் அல்ல. எழுத்து சீராக இருக்கிறதா என்பதைவிட, அந்தச் சீர் யாருடையது என்பது அவருக்குப் பெரிதாக இருந்திருக்கிறது.

இதற்கெல்லாம் ஒரு கடுமையான எதிர்வாதம் உண்டு. இப்படிப் பேசினால் மோசமாக எழுதப்பட்ட எந்தப் புத்தகத்துக்கும் வக்காலத்து வாங்கிவிடலாமே. அவசரத்தில் அடித்து, படித்துக்கூடப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பியவர்கூட ‘என் நினைவு அப்படித்தான் ஓடுகிறது’ என்று சொல்லிவிடுவாரே என்பது. நியாயமான கேள்வி. அதற்காகத்தான் கலைவு எங்கே விழுகிறது என்று பார்க்கச் சொல்கிறேன். ஒரு ஓய்வுபெற்ற அதிகாரியின் நினைவுநூலில் இடமாற்ற உத்தரவுகளும் பாராட்டு விழாக்களும் குழம்பிக் கிடந்தால், மூன்றாம் அத்தியாயத்தில் வந்த மைத்துனர் ஏழாம் அத்தியாயத்தில் வேறு பெயரில் வந்தால், அது கவனக்குறைவு. எந்தக் கோட்பாடும் அதைக் காப்பாற்றாது. அதே நூலில் எல்லாம் தேதியோடு தெளிவாக ஓடிக்கொண்டிருந்து, ஒரு குறிப்பிட்ட ஊரில் வேலை பார்த்த இரண்டு ஆண்டுகள் மட்டும் முன்னும் பின்னுமாகத் தடுமாறினால், நல்ல வாசகர் அங்கேதான் நிற்க வேண்டும். அவமானமோ குற்றவுணர்ச்சியோ துக்கமோ, எதையோ அவர் சுற்றிப்போகிறார். அதைச் செப்பனிட்டு வழவழப்பாக்கினால் அந்தத் தடயமும் அழிந்துவிடும். சீரான எழுத்து நேர்மையானது என்று நாம் நம்புகிறோம். மறைக்க நினைப்பவருக்குச் சீரான எழுத்தைப்போல உதவக்கூடியது வேறில்லை.

தமிழில் இன்று சொந்தச் செலவில் அச்சாகும் தன்வரலாறுகள் நிறைய. ஆசிரியர்கள், தொழிற்சங்கக்காரர்கள், இலங்கையிலிருந்து புலம்பெயர்ந்தவர்கள், நாடகக் கலைஞர்கள் எழுதுகிறார்கள். பிள்ளைகள் அச்சிட்டு உறவினர்களுக்குக் கொடுக்கிறார்கள். வெளியிடுபவர்களிடம் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். எழுத்துப்பிழையையும் பெயர்க் குழப்பத்தையும், எழுதியவரைக் கேட்டுக்கொண்டு, தயங்காமல் திருத்துங்கள். அத்தியாயங்களை ஆண்டு வரிசைக்கு மாற்றி அடுக்காதீர்கள். அதற்குப் பதிலாக நூலின் தொடக்கத்தில் இரண்டே இரண்டு பக்கம் ஒதுக்குங்கள்: ஒன்றில் குடும்பத்தில் யார் யார் என்ற பட்டியல், மற்றொன்றில் எந்த ஆண்டு எந்த ஊர் என்ற அட்டவணை. எழுதியவர் உயிரோடு இருக்கும்போதே, அவரை உட்காரவைத்துக் கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.